மொலோக்காய்த் தீவில் காண வேண்டியவை

சென்ற பருவத்தில் ஒருநாள் மழையின் காரணமாக விளையாட்டு வகுப்பு நடைபெறவில்லை. நானும் என் தோழியும் நூலகத்தில் பெரிய உலகப் படப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு விளையாட்டு விளையாடினோம். கண்ணை மூடிக்கொண்டு படத்தில் விரலை வைக்க வேண்டும். விரல் எந்த ஊரில் விழுகிறதோ, அந்த ஊரில் காண வேண்டியவை எவை என்று புத்தகங்களில் தேடிப் படித்து மறுவாரம் சொல்ல வேண்டும். இதுதான் விளையாட்டு. தோழியின் விரல் எகிப்தில் விழுந்தது. அவளுக்கு என்ன கவலை? என் விரலோ பசிபிக் பெருங்கடலின் நடுவில் விழுந்தது. "நீ கடலில் விழுந்துவிட்டாய்!" என்று அவள் கைகொட்டிச் சிரித்தாள். உற்றுப் பார்த்தபோது என் நகத்தின் ஓரத்தில் கடுகு சிதறினாற்போல் சில தீவுகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் மொலோக்காய்.

மறைக்கல்வி வகுப்பில் கேட்ட பெயர் ஆயிற்றே என்று அந்தத் தீவைப் பற்றித் தேடத் தொடங்கினேன். படிக்கப் படிக்க வியப்பு மேலிட்டது. அன்புத் தோழியரே, வாருங்கள்! விமானச் சீட்டு எதுவும் இல்லாமலே அந்தத் தீவை ஒருமுறை சுற்றி வருவோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கடைசியாக நான் சொல்லப்போகும் இடத்திற்கு நானே நேரில் சென்றாலும் என்னை உள்ளே விடமாட்டார்கள். அது ஏன் என்பதை அங்கே போய்ச் சேர்ந்ததும் சொல்கிறேன்.

எங்கே இருக்கிறது?

பசிபிக் பெருங்கடலில் வடக்கே ஹவாய், தென்மேற்கே நியூசிலாந்து, தென்கிழக்கே ஈஸ்டர் தீவு ஆகிய மூன்றையும் கோடுகளால் இணைத்தால் ஒரு பெரிய முக்கோணம் கிடைக்கும். அதனுள் அடங்கிய தீவுகளைப் பாலினேசியா என்று அழைக்கின்றனர். கிரேக்க மொழியில் இதற்குப் 'பல தீவுகள்' என்பது பொருள். திசைகாட்டும் கருவி இல்லாத அக்காலத்திலேயே அம்மக்களின் முன்னோர் விண்மீன்களையும் அலைகளின் போக்கையும் பறவைகள் பறக்கும் திசையையும் பார்த்தே இரட்டைப் படகுகளில் ஆயிரக்கணக்கான மைல்களைக் கடந்து இத்தீவுகளில் குடியேறினர்.

ஹவாய்த் தீவுக் கூட்டம் 1959-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 50-ஆவது மாநிலம் ஆயிற்று. அதில் ஒவாகு தீவுக்கும் மாவி தீவுக்கும் இடையே இருப்பதுதான் மொலோக்காய். கிழக்கு மேற்காகச் சுமார் 61 கிலோமீட்டர் நீளமும், வடக்குத் தெற்காகச் சுமார் 16 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. படத்தில் பார்த்தால் நீரில் மிதக்கும் மீனைப் போலத் தோன்றும். சுமார் 7,000 பேர் வாழும் இத்தீவில் பாதிக்கு மேற்பட்டோர் ஹவாய்ப் பழங்குடியினரின் வழிவந்தவர்கள்.

இத்தீவு எரிமலைகளால் உண்டானது. கிழக்கே உயர்ந்த மலை; அதன் சிகரமான கமக்கோவு 1,512 மீட்டர் உயரம். வடகிழக்கிலிருந்து வீசும் தடக்காற்று இம்மலையில் மோதி மழையைக் கொட்டுவதால் கிழக்குப் பகுதி பச்சைப் பசேல் என்று இருக்கும். மழையை இழந்த காற்று மேற்கே செல்வதால் மேற்குப் பகுதி வறண்டு காணப்படும். பூகோளப் பாடத்தில் நாம் படிக்கும் மழை மறைவுப் பகுதி என்பது இதுவே.

கௌனககாய்

தென்கரையில் உள்ள இச்சிற்றூர்தான் தீவின் தலைநகர் போன்றது. ஒரே கடைத்தெரு, மரத்தாலான முகப்புடைய பழைய கடைகள், கடலுக்குள் நீண்டு செல்லும் படகுத்துறை, அவ்வளவே. போக்குவரத்து விளக்கு என்பது தீவு முழுவதும் ஒன்றுகூடக் கிடையாது! விமானத்திலிருந்து இறங்கி வருவோரை, "மெதுவாகச் செல்லுங்கள், இது மொலோக்காய்" என்று ஒரு பலகை வரவேற்கிறது.

ஊருக்குச் சற்று மேற்கே அரசர் ஐந்தாம் கமேஹமேஹாவின் காலத்தில், 1860-களில் நடப்பட்ட தென்னந்தோப்பு உள்ளது. அன்று சுமார் ஆயிரம் மரங்கள் நட்டார்களாம்; அவற்றில் பல இன்று பட்டுப்போயின. தேங்காய் தலையில் விழும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். தென்னையைப் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. சரி, மேலே செல்வோம்.

பாப்போஹாக்குக் கடற்கரை

மேற்குக் கோடியில் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளத்திற்குப் பரந்து கிடக்கும் மணற்கரை இது. ஹவாயின் மிக நீண்ட மணற்கரைகளுள் ஒன்றாக இருந்தும் பல நாட்களில் இங்கே மனித நடமாட்டமே இராதாம். பொன்னிற மணலையும் சூரியன் மறையும் காட்சியையும் கரையில் நின்றபடி கண்டு மகிழலாம். கடலில் மட்டும் இறங்கக் கூடாது. நீரோட்டம் மிக வலிது. இங்கிருந்து 1970-கள் வரை மணலை வாரிக் கப்பலில் ஏற்றி ஒவாகு தீவுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கே பயணிகள் மகிழ்ந்து உலாவும் கடற்கரைக்கு இங்கேயிருந்து மணல் போயிருக்கிறது!

சந்தனக் குழி

நடுத்தீவிலிருந்து மலைக்காட்டுக்குள் செல்லும் மண்பாதையில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. பார்ப்பதற்குப் புல் முளைத்த சாதாரணக் குழிதான். ஆனால் அதன் கதை சாதாரணமானது அன்று.

1800-களின் தொடக்கத்தில் ஹவாய்ச் சந்தனக் கட்டைக்குச் சீனாவில் நல்ல விலை கிடைத்தது. அயல்நாட்டுப் பொருள்கள் மீது ஆசை கொண்ட தலைவர்கள் உழவர்களைக் காட்டுக்கு அனுப்பி மரம் வெட்டச் செய்தனர். ஒரு கப்பலுக்கு எவ்வளவு கட்டை வேண்டும் என்று அளப்பது எப்படி? கப்பலின் அடிவயிற்றின் நீள அகலத்திற்கு மலையிலேயே ஒரு குழி தோண்டினார்கள். குழி நிறைந்தால் ஒரு கப்பல் சுமை. பின்னர் அக்கட்டைகளை மக்கள் முதுகில் சுமந்து கடற்கரைக்கு இறக்கினார்கள். காட்டில் மரம் வெட்டப் போனவர்கள் வயலைக் கவனிக்க இயலாமல் பசியால் வாடினார்கள். தங்கள் பிள்ளைகளுக்கும் இந்தத் துன்பம் வரக்கூடாது என்று எண்ணி, முளைத்து வந்த சந்தனக் கன்றுகளை மக்களே பிடுங்கி எறிந்தனர் என்றும் சொல்லப்படுகிறது. மணக்கும் மரத்தைப் பெற்றோர் தம் கையாலேயே பிடுங்கினார்கள் என்றால் அவர்கள் எவ்வளவு துன்பப்பட்டிருக்க வேண்டும்!

மீன் குளங்கள்

தென்கரை நெடுகிலும் பவளப் பாறைத் திட்டு அரண்போல் அமைந்திருப்பதால் கரையோரக் கடல் அலையின்றி அமைதியாக இருக்கும். அந்த ஆழமற்ற நீரில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எரிமலைக் கற்களையும் பவளக் கற்களையும் அடுக்கி அரைவட்டச் சுவர்கள் எழுப்பி மீன் வளர்த்தார்கள். இத்தகைய குளங்கள் அறுபதுக்கும் மேல் இங்கே இருந்தனவாம். பல இன்றும் காணக் கிடைக்கின்றன.

இவற்றின் நுட்பத்தைக் கேளுங்கள். சுவரின் நடுவே மரச்சட்டங்களை நெருக்கமாக நிறுத்திய ஒரு மதகு இருக்கும். கடல் பொங்கும்போது நீரோடு சிறு மீன் குஞ்சுகள் சட்டங்களின் இடுக்கு வழியே உள்ளே வந்துவிடும். குளத்திலுள்ள பாசியைத் தின்று கொழுத்த பின்னர் அதே இடுக்கு வழியாக வெளியே போக முடியாது. தூண்டில் இல்லை, ஆழ்கடலுக்குச் செல்லும் ஆபத்தும் இல்லை. வேண்டும்போது வேண்டிய மீனை எடுத்துக்கொள்ளலாம். இரும்புக் கருவி இல்லாத மக்கள் கல்லைக் கைமாற்றிக் கைமாற்றிக் கட்டிய இச்சுவர்களை நினைத்தால் வியப்பாக இருக்கிறது.

இரண்டு சிறு ஆலயங்கள்

அதே கிழக்குச் சாலையில் கலுவஆஹா என்னும் இடத்தில் வியாகுல அன்னை ஆலயமும், கமலோ என்னும் இடத்தில் புனித சூசையப்பர் ஆலயமும் உள்ளன. முன்னது 1874-லும் பின்னது 1876-லும் கட்டப்பட்டவை. வெள்ளை வண்ணம் பூசிய மிகச் சிறிய மரக் கோயில்கள். இவற்றை எழுப்பியவர் பெல்ஜிய நாட்டுக் குரு ஒருவர். பூசை முடிந்ததும் அங்கியின் கையை மடித்துவிட்டு வாளும் சுத்தியலும் எடுத்துக்கொள்வாராம். அவர் யார் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். சற்றுப் பொறுங்கள்.

ஹாலாவா பள்ளத்தாக்கு

கிழக்குச் சாலை முடியும் இடத்தில் ஹாலாவா பள்ளத்தாக்கு தொடங்குகிறது. ஹவாயின் மிகப் பழைய குடியிருப்புகளுள் இதுவும் ஒன்று. இங்கு மக்கள் படிப்படியாக வயல் அமைத்து, நீர் பாய்ச்சிச் சேம்பு பயிரிட்டார்கள். நம் வீட்டில் வறுவல் செய்யும் அதே சேப்பங்கிழங்குதான்! அவர்கள் அதனை அவித்து, கல்லால் இடித்துக் கூழாக்கி உண்பார்கள். அவர்களுக்கு அதுவே நம் சோறு போன்றது. 1946 ஏப்ரல் 1-ஆம் நாள் வடக்கே அலூஷியன் தீவுகளுக்கு அருகில் நேர்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த கடற்பேரலை பள்ளத்தாக்கினுள் புகுந்து வயல்களை உப்பாக்கியது. மக்களில் பெரும்பாலோர் வெளியேறினர். சில குடும்பங்கள் மட்டும் இன்றும் சேம்பு பயிரிட்டு வருகின்றன.

பள்ளத்தாக்கின் உட்கோடியில் சுமார் 250 அடி உயரத்திலிருந்து மோவுலா அருவி வீழ்கிறது. அதன் அடியிலுள்ள மடுவில் ஒரு பெரிய பல்லித் தெய்வம் வாழ்வதாகப் பழங்கதை ஒன்று உண்டு. நீராட விரும்புவோர் முதலில் ஓர் இலையை நீரில் இட வேண்டும். மிதந்தால் இறங்கலாம், அமிழ்ந்தால் திரும்பிவிட வேண்டும். அருவிக்குச் செல்லும் பாதை தனியார் நிலத்தின் வழியாகப் போவதால் அவ்வூரார் துணையோடுதான் செல்ல வேண்டும். பிறர் வீட்டில் நுழையும்போது வாசலில் நின்று குரல் கொடுக்கிறோம் அல்லவா? இலையிட்டுக் கேட்பதும் அதுபோன்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கலௌபாப்பா

இனி வடகரைக்கு வருவோம். மலைமேல் உள்ள பாலாவு பூங்காவில் மரங்களுக்கிடையே சிறிது தூரம் நடந்தால் திடீரென்று நிலம் முடிந்துவிடும். காலடியில் 1,500 அடிக்கும் மேற்பட்ட செங்குத்தான பாறை. கீழே கடலுக்குள் நாக்கு நீட்டினாற்போல் ஒரு பச்சைச் சமவெளி, அதில் சில வீடுகள், ஒரு கலங்கரை விளக்கம், மூன்று பக்கமும் நுரை பொங்கும் நீலக் கடல். கிழக்கே பார்த்தால் 3,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் கடற்பாறைகள். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலையின் வடபாதி அப்படியே இடிந்து கடலில் விழுந்ததால் இந்தச் சுவர் உண்டானதாம். அதன் பின்னர் வேறொரு சிறிய எரிமலை கக்கிய குழம்பு பரவி உறைந்ததே அடியிலுள்ள சமவெளி. இதைவிட அழகான காட்சி அந்தத் தீவில் இல்லை என்று பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இந்த அழகே ஒரு சிறைச்சாலை ஆயிற்று. 1865-இல் தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தும் சட்டத்தை ஹவாய் அரசு இயற்றியது. ஒரு பக்கம் ஏற முடியாத மலை, மூன்று பக்கம் கடந்து செல்ல முடியாத கடல். காவலரே தேவையில்லை என்று இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உழவர்களும் மீனவர்களும் வெளியேற்றப்பட்டனர். 1866 ஜனவரி 6-ஆம் நாள் 12 நோயாளிகள் முதன்முதலாக இறக்கிவிடப்பட்டனர். அதற்குப் பிறகு நூறு ஆண்டுகளில் சுமார் 8,000 பேர் அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் நம்மையொத்த சிறுமியரும், நம்மினும் சிறிய பிள்ளைகளும் இருந்தனர். ஹவாய் மக்கள் இந்நோய்க்கு வைத்த பெயர் 'பிரிக்கும் நோய்' என்பதாகும். உடலை வருத்தியதைவிட உறவைப் பிரித்ததே அவர்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது போலும்.

1873 மே 10-ஆம் நாள் தம் 33-ஆம் வயதில் தாமாகவே முன்வந்து அங்கே போய் இறங்கினார் தமியான் அடிகளார். மேலே சொன்ன இரண்டு ஆலயங்களையும் கட்டிய தச்சுக் குரு இவரே. முதல் நாட்களில் அவருக்கு வீடு இல்லை. ஒரு தாழை மரத்தடியில் உறங்கினார். பின்னர் வீடுகள் கட்டினார், குழாய் பதித்து நீர் கொண்டு வந்தார், புண்களைக் கழுவிக் கட்டினார், இறந்தோருக்குச் சவப்பெட்டியும் செய்தார். கலவாவோ என்னும் பகுதியில் அவர் பெரிதாக்கிக் கட்டிய புனித பிலோமினா ஆலயம் இன்றும் இருக்கிறது. அதன் தரையில் சிறு சிறு துளைகள் காணப்படும். நோயினால் எச்சிலை அடக்க இயலாதவர்கள் கூச்சமின்றிப் பூசை காண வேண்டும் என்று அவர் செய்த ஏற்பாடு அது. எத்தனையோ பேராலயங்களின் கோபுரங்களைப் படத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் துளைகளைப் பற்றிப் படித்தபோதுதான் என் கண்கள் கலங்கின.

1884-இல் ஒருநாள் கொதிக்கும் நீரில் காலை வைத்தபோது சுடவில்லை. தம்மையும் அந்நோய் பற்றிவிட்டது என்று அறிந்தார். 1889 ஏப்ரல் 15-ஆம் நாள், 49-ஆம் வயதில் இறந்தார். அதே தாழை மரத்தடியில் அவரை அடக்கம் செய்தனர். 1936-இல் அவருடைய உடல் பெல்ஜியத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. மொலோக்காய் மக்களின் ஆசைக்கிணங்க 1995-இல் அவருடைய வலக்கை மட்டும் அந்தப் பழைய கல்லறைக்குத் திரும்பியது. 2009-இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவர் இறப்பதற்கு முந்தைய நவம்பரில், இரண்டு அருட்சகோதரியரோடு அங்கே வந்து சேர்ந்தார் அன்னை மரியான் கோப். அங்கிருந்த பெண்பிள்ளைகளுக்கென்று அமைந்த இல்லத்தை அவர் நடத்தினார். தூய்மையை ஒரு தவம்போல் கடைப்பிடித்ததால் அவருடைய சகோதரியர் எவருக்கும் நோய் தொற்றவில்லை. புண்ணுக்கு மருந்திட்டதோடு அவர் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு அழகான உடைகள் தைத்துக் கொடுத்தார், தோட்டம் போட்டார், மரங்கள் நட்டார். 'புதையல் தீவு' கதையை எழுதிய ஸ்டீவன்சன் 1889 மே மாதத்தில் அங்கே ஒரு வாரம் தங்கி, அந்தச் சிறுமியருக்குப் பந்தாட்டம் கற்பித்தார். பின்னர் அவர்களுக்கு ஒரு பியானோவும் அனுப்பி வைத்தார். அன்னை மரியான் 1918-இல் அங்கேயே இறந்தார். 2012-இல் புனிதர் ஆனார்.

தமியான் அடிகளார் அங்கே சென்ற அதே 1873-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டறிந்தார். அதனால்தான் இதற்கு ஹேன்சன் நோய் என்றும் பெயர். மக்களில் மிகப் பெரும்பாலோரின் உடலுக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. இது பாவத்தினாலோ பரம்பரையாலோ வருவது அன்று. 1946-இல் கலௌபாப்பாவுக்குப் புதிய மருந்து வந்தது. 1981 முதல் கூட்டு மருந்து முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்து வருகிறது. ஆறு மாதம் அல்லது ஓராண்டு மருந்து உட்கொண்டால் நோய் முற்றிலும் குணமாகிறது. ஆண்டுதோறும் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுவோர் உலகிலேயே நம் நாட்டில்தான் மிகுதி. ஆதலால் இது நமக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

தனிமைப்படுத்தும் சட்டம் ஹவாயில் 1969-இல் நீங்கியது. கதவு திறந்தும் பலர் வெளியே போகவில்லை. அதுவே அவர்கள் வீடாகிவிட்டது. 1980-இல் அவ்விடம் தேசிய வரலாற்றுப் பூங்கா ஆனபோது, அவர்கள் விரும்பும் வரை அங்கேயே வாழலாம் என்று உறுதி தரப்பட்டது. இன்று எஞ்சியிருப்போர் மிகச் சிலரே. அங்கே செல்ல அனுமதி பெற வேண்டும். அங்கு வாழ்வோரை அவர்கள் இசைவின்றிப் படம் எடுக்கக் கூடாது. 16 வயது நிறையாதவர்களுக்கு அனுமதியே இல்லை.

எனக்கு வயது 15!

இந்த விதியைப் படித்தவுடன் எனக்குக் கோபம்தான் வந்தது. "நோய்தான் குணமாகிவிட்டதே, இன்னும் என்ன பயம்?" என்று தோழியிடம் முறையிட்டேன். பிறகு வேறொரு செய்தியைப் படித்தேன். அந்நாளில் அங்கே பிறந்த குழந்தைகளைப் பிறந்தவுடனே தாயிடமிருந்து பிரித்து எடுத்துச் சென்றுவிடுவார்களாம். கையில் தூக்கவும் முத்தமிடவும் அந்தத் தாய்மாருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ஊரின் பெயரிலே பாப்பா இருக்கிறது. ஊரிலே பாப்பா இல்லை. அப்படிப்பட்ட ஊருக்குள் நாம் சிரித்துக்கொண்டும் ஓடிக்கொண்டும் போய் நின்றால் அங்குள்ள முதியவர்களுக்கு மகிழ்ச்சி பிறக்குமா, பழைய புண் திறக்குமா? எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் என் கோபம் அடங்கிவிட்டது.

காண வேண்டிய இடங்கள் என்று நாம் வரிசைப்படுத்தும் ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் வாழ்ந்த இடம். சந்தனக் குழியும், உப்பான வயலும், மீன் குளமும் அப்படித்தான். கேட்டுவிட்டு நுழைவதும், கூடாது என்றால் மேலிருந்தே பார்த்துத் திரும்புவதும் அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. ஹாலாவாவில் நீரில் இட்ட இலை அமிழ்ந்தால் திரும்பிவிடுகிறார்கள் அல்லவா? எனக்கு இந்த ஆண்டு இலை அமிழ்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

மறுவாரம் நான் இவற்றையெல்லாம் சொல்லி முடித்ததும் என் தோழி தன் எகிப்தைச் சொல்ல மறந்துவிட்டாள். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "உனக்கு எப்போது பதினாறு முடிகிறது?" என்று மட்டும் கேட்டாள்.

"வருகிற ஆகஸ்டில்" என்றேன்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி